வில்வண்டி முதல் ஹெரால்டு வரை... பழைய காரின் முன்காலில் வீட்டிலேயே கை வைக்கலாமா?

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். காரில் போனால் முக்கால் மணி நேரப் பயணம். ஆனால், அந்தப் பக்கம் சாலையின் ராஜா காரல்ல, லாரிதான். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் பேர்போன மாவட்டம். கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் வழித்தடங்களில் தார் அழுந்திப் பள்ளமாவதும், சக்கரத்தடம் வாய்க்காலாக ஓடுவதும், வெள்ளைத் தூசி படிவதும் அன்றாடக் காட்சி.

இப்படிப்பட்ட சாலையில்தான் ஒரு காரின் ‘முன்கால்’ எவ்வளவு உறுதியானது என்பது தெரியும். முன்கால் என்றால் ஃப்ரன்ட் சஸ்பென்ஷன். முன் சக்கரங்களையும் காரின் உடம்பையும் இணைக்கிற ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஆர்ம், புஷ் ஆகிய எல்லாம் சேர்ந்த அமைப்பு.

தாத்தாவோ அப்பாவோ வாங்கிய பழைய காரைத் தார்ப்பாய் போர்த்திப் பாதுகாக்கும் வீடுகள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஓர் ஆசை வரும். ‘இதைக் கொஞ்சம் தாழ்த்தி, ஸ்பிரிங்கை மாற்றி, ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்கினால் என்ன?’ ஆசை நல்லதுதான். ஆனால், அந்தக் கார் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்றால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதன் முன்கால் ஏற்கெனவே ஸ்போர்ட்ஸ் காரின் முன்கால்தான்!

வில்வண்டி தத்துவம்

சஸ்பென்ஷன் நமக்குப் புதிதல்ல. கட்டை வண்டியில் அச்சு நேராக வண்டியின் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கல்லில் சக்கரம் ஏறினால் அடி நேராக இடுப்புக்கு வரும். வசதியான வீடுகளில் வில்வண்டி வைத்திருந்தார்கள். அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். அந்த வில் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும்.

ஆனால், வில்வண்டியிலும் ஒரு குறை உண்டு. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இருப்பதால், இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சாயும். பின்னாளில் வந்த கார்களில் இதற்குத் தீர்வு கண்டார்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆர்ம், தனித்தனி ஸ்பிரிங். ஒன்று பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது தன் பாட்டுக்கு நேராக நிற்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு முக்கோண ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடித்திருந்தால் அது ‘டபுள் விஷ்போன்’. ஹெரால்டில் இருப்பது இதுதான்.

வண்டலூர் கார், லண்டன் பந்தயம்

இங்கிலாந்தில் ‘ட்ரையம்ப் ஹெரால்டு’ 1959-ல் வந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி. அன்றைக்குப் பல கார்கள் சேஸிஸ் இல்லாத ஒற்றைக்கூடு உடலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு தனி சேஸிஸ் மீது போல்ட்டு போட்டு முடுக்கிய உடலோடு வந்தது. பாகம் பாகமாகக் கொண்டுபோய் வேறு நாட்டில் பூட்டுவதற்கு அது வசதியாகவும் இருந்தது. சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. 948 சிசி எஞ்சின். அம்பாசடர், ஃபியட் இரண்டுக்கும் நடுவே, தமிழ்நாட்டில் பிறந்த கார் என்ற பெருமை அதற்கு உண்டு.

இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, 1962-ல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். முன் சஸ்பென்ஷனின் அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. அதே ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற ‘லோட்டஸ் இலான்’ காரும் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தூணை இந்த ட்ரையம்ப் குடும்பத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் நம்மூர் ஹெரால்டுகளும் சீறின.

இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்த ஹெரால்டு 1968-ல் வந்தது. 1972-ல் ‘கெஸல்’ வந்தபோது ஒரு சுவாரஸ்யம். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பை இங்கே வாங்குபவர்கள் நம்பவில்லை. அதனால், நிறுவனமே அதைத் தூக்கிவிட்டு, லாரி, ஜீப்பில் இருப்பதுபோல ஒரே நேர் ஆக்சிலைப் போட்டது. பின்காலை மாற்றியது. முன்காலை விட்டுவிட்டது!

உயிரைக் காக்கும் எண்ணெய்

ஹெரால்டின் பேனட்டைத் தூக்கினால், இரு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். எஞ்சின், ஸ்பிரிங், ஆர்ம் எல்லாம் கண்முன்னே. டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வீட்டில் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான பழைய கார் கிடைப்பது கஷ்டம்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங் அல்ல. செங்குத்துத் தூணின் அடியில் இருக்கும் ‘ட்ரனியன்’ என்ற சிறிய வெண்கலக் கட்டி. தூணின் அடிமுனையில் மரை வெட்டியிருப்பார்கள். அது இந்தக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தூண் இந்த மரையில்தான் சுழலும். காரின் முன்பக்க பாரமும் பள்ளத்தின் அடியும் சேருமிடம் இதுதான்.

இதற்கு கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில் (90 எண்) விட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. ஆனால், எல்லா மூட்டுக்கும் கிரீஸ் அடித்துப் பழகிய கை, இதற்கும் கிரீஸ் கன்னை நீட்டிவிடும். கிரீஸ் நாளடைவில் இறுகிப்போகும். மரையின் அடிவரை இறங்காது. தூசியும் தண்ணீரும் உள்ளே புகும். எஃகு துருப்பிடித்து, மரையின் பள்ளத்தில் மெல்லிய விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது தூண் முறிந்து, சக்கரம் காருக்கு அடியில் மடங்கிவிடும். வீட்டு வாசலில் நடந்தால் செலவோடு போகும். எதிரே சிமென்ட் லாரி வரும்போது நடந்தால்?

அதனால் ஸ்போர்ட்ஸ் கார் கனவின் முதல் நாள் வேலை இதுதான்: இரு பக்கத் தூணையும் ட்ரனியனையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையில் துரு, தேய்மானம், விரிசல் இருக்கிறதா எனப் பார்ப்பது. சந்தேகம் இருந்தால் மாற்றிவிட வேண்டும். வெல்டு வைத்து ஒப்பேற்றக் கூடாது. இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் திருகுபவை என்பதால் மாற்றி மாட்டக் கூடாது. பூட்டும்போது முழுதாகத் திருகி, பிறகு கொஞ்சம் பின்னுக்கு விட வேண்டும். இறுக்கி விட்டால் ஸ்டீயரிங் முழுதாக ஒடியாது, மரைக்கும் கேடு.

ஸ்பிரிங்: வெட்டாதீர்கள்!

அடுத்து ஸ்பிரிங். ஹெரால்டில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கூட்டாக இருக்கும். மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட்டு. கழற்றினால் கூட்டாகக் கையில் வந்துவிடும். ஆபத்து அதற்கு அடுத்த கட்டத்தில்தான். அந்தக் கூட்டுக்குள் ஸ்பிரிங் அழுந்திய நிலையில் இருக்கிறது. அதைச் சரியான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல், கயிறு கட்டியோ கம்பி சுற்றியோ பிரிக்க முயன்றால் குண்டுபோலப் பாயும். இந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுப்பதில் வெட்கமே வேண்டாம்.

காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது பரவலாக இருக்கும் பழக்கம். வெட்டிய முனை சரியாக உட்காராது. ஸ்பிரிங் குட்டையானால் விறைப்பும் கூடும். அந்த விறைப்பை அடக்கும் பலம் பழைய ஷாக்குக்கு இருக்காது. விளைவு, கார் தவளைபோலத் துள்ளும். கார் அளவுக்கு மேல் தாழ்ந்தால் ஆர்ம்களும் ஸ்டீயரிங் கம்பியும் வெவ்வேறு கோணத்தில் அசைய ஆரம்பிக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பப் பார்க்கும். நம்மூர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிப்பாகம் உரசும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விறைப்பு தேவை என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக, ஒன்றுக்கொன்று பொருத்தமாக மாற்றப்பட வேண்டும். அதற்கு முன், காய்ந்து வெடித்துப்போன ரப்பர் புஷ்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘ஸ்டீயரிங் ஆடுகிறது, கார் அலைகிறது’ என்ற புகாரில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

கொத்தனார் நூலே போதும்

முன்காலைப் பிரித்துப் பூட்டினால் வீல் அலைன்மென்ட் மாறிவிடும். கடைசியில் அலைன்மென்ட் சென்டருக்குப் போகத்தான் வேண்டும். ஆனால், அதுவரை பத்திரமாக ஓட்டிச்செல்ல, வீட்டிலேயே அளக்கலாம். கொத்தனார் சுவர் பிடிப்பதுபோல, காரின் இரு பக்கமும் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நேராக நூல் கட்டுங்கள். இரு நூல்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கட்டும். முன் சக்கர ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் நூலிலிருந்து தூரத்தை அளந்தால், சக்கரம் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்று தெரிந்துவிடும்.

சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா எனப் பார்க்கத் தூக்குக்குண்டு போதும். ஹெரால்டில் கீழ் ஆர்ம் சேஸிஸில் சேருமிடத்தில் மெல்லிய தகடுகளைச் செருகியோ எடுத்தோ இந்தச் சாய்வைச் சரிசெய்யலாம். தகடு கூடினால் சக்கரத்தின் அடி வெளியே தள்ளும், தலை உள்ளே சாயும். வளைவில் டயர் நன்றாகப் பிடிக்க இந்தச் சாய்வு கொஞ்சம் உதவும். அதிகமானால் டயரின் உள் ஓரம் தேய்ந்துவிடும்.

டயர் என்றதும் பெரம்பலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவட்டத்தின் நாரணமங்கலத்திலேயே எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. ஹெரால்டு பிறந்த காலத்து டயரின் உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடின. இன்றைய ரேடியல் டயரில் அவை நேர்குறுக்காக ஓடுகின்றன, பிடிமானம் அதிகம். நல்ல ரேடியல் டயர் நான்கு மாட்டினாலே பழைய காரின் குணம் மாறிவிடும். ஆனால், நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இன்னொரு விஷயம். 50 ஆண்டுகள் தாண்டிய கார்களை ‘வின்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் தனி விதிகள் வந்தன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். வீட்டு ஹெரால்டு பலவும் இந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆனால், கார் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ உடல் கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையில் சேஸிஸை அறுத்து வெல்டு வைத்தால், தாத்தாவின் காருக்குக் கிடைக்க வேண்டிய அந்த மரியாதை போய்விடும்.

ஆகவே, விதி எளிது. போல்ட்டைக் கழற்றிச் செய்த மாற்றம், போல்ட்டைக் கழற்றியே பழையபடி திரும்ப வேண்டும். அறுக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கழற்றிய அசல் பாகங்களைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கை வைக்கும் முன்...

* ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். கெட்டித் தரையில், சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

* ஒரு பக்கம் முழுதாகப் பூட்டிய பிறகே மறுபக்கம் பிரியுங்கள். எப்படிப் பூட்டுவது என்ற சந்தேகம் வந்தால், பிரிக்காத பக்கமே பாடப்புத்தகம்.

* ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுங்கள்.

* ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது நல்லது, எது கெட்டது என்று தெரியாது.

* பிரேக் குழாய் முறுக்காமலும் உரசாமலும் இருக்கிறதா என, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

* முதல் ஓட்டம் தெருவுக்குள், மெதுவாக. திரும்பி வந்து எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

இவ்வளவும் முடிந்த ஒரு காலை நேரத்தில், லாரிகள் நெருக்கும் முன்பே பெரம்பலூரிலிருந்து அரியலூர் பக்கம் ஒரு சுற்று போய்வாருங்கள். ஸ்டீயரிங் ஆடாமல், கார் அலையாமல், பள்ளத்தில் இறங்கி ஏறும் அந்த முன்கால், லோட்டஸுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் உறவுக்காரன். ஸ்போர்ட்ஸ் காராக அதைப் புதிதாக மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. வேளாவேளைக்கு 90 எண் கியர் ஆயில் விட்டால் போதும்.