விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே ஆனால்

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிற நாளில் ஸ்பைசஸ் போர்டு மையத்துக்குள் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு லாட்டின் சாம்பிளும் வியாபாரிகளின் கைக்கு வரும். உள்ளங்கையில் போட்டு உருட்டுவார்கள். பச்சை மங்கியிருக்கிறதா, காய் பருத்திருக்கிறதா என்று பார்த்து, ஒன்றைப் பிளந்து உள்ளே இருக்கும் அரிசியையும் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் விலை. சரக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தோட்டக்காரருக்கு அங்கே இருக்கிற பெரிய காப்பு, ஏலம் விடுகிறவர் வேறு, எடுக்கிறவர் வேறு என்பதுதான். இரண்டும் ஒரே கையாகிவிட்டால், கிடைத்த விலை நியாயமானதாகவே இருந்தாலும் அவருக்கு நம்பிக்கை வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

அரசாங்கத்தில் இதை நலன் முரண் என்பார்கள். லஞ்சம் என்றால் பணம் கைமாற வேண்டும். இதில் எதுவும் கைமாற வேண்டியதில்லை. பொதுச் சொத்தைக் காக்க வேண்டிய நாற்காலியில் இருப்பவருக்கே அந்தச் சொத்தில் சொந்த ஆதாயம் இருந்தால் போதும். மக்கள் பிரதிநிதிகளுக்கு நன்னடத்தை விதிகள் வேண்டும் என்று கேட்பது இந்த நிலை வருமுன் தடுக்கத்தான். அந்த விதிகள் நம்மிடம் எந்த அளவுக்குப் பலமாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள டான்சி வழக்கை விடச் சிறந்த பாடம் இல்லை. அதில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

எங்கள் ஊரான ராசிங்காபுரம் போடி சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. 1989இல் இந்தத் தொகுதி ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். 1991இல் வேறு தொகுதியிலிருந்து வென்று முதல்வரானார். மறு ஆண்டே, அரசு நிறுவனமான தமிழ்நாடு சிறுதொழில் கழகத்தின், அதாவது டான்சியின், கிண்டி நிலம் விற்பனைக்கு வந்தபோது அதை வாங்கியது ஜெயா பப்ளிகேஷன்ஸ். அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஜெயலலிதாவும் சசிகலாவும். விற்றது அரசு நிறுவனம். அந்த அரசின் தலைமையில் இருந்தவரே வாங்கிய பக்கத்திலும் இருந்தார்.

இந்த விற்பனை தொடர்பான வழக்கில் 2000 அக்டோபரில் தனி நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. அதனால் 2001 தேர்தலில் ஆண்டிபட்டியில் அவர் தாக்கல் செய்த வேட்பு மனு தள்ளுபடியானது; மற்ற மனுக்களும் ஏற்கப்படவில்லை. கட்சி வென்றதும் முதல்வராகப் பதவியேற்றார். அந்த நியமனம் செல்லாது என்று 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைக்கே முதல்வரானவர் அப்போதைய பெரியகுளம் எம்.எல்.ஏ. ஓ. பன்னீர்செல்வம். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 2003 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது.

அந்தக் கடைசித் தீர்ப்பைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஊழல் தடுப்புக்காக கே. சந்தானம் என்ற தமிழரின் தலைமையில் அமைந்த குழு அறிக்கை கொடுத்த 1964ஆம் ஆண்டிலேயே, அமைச்சர்களுக்கு நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. மாநில அமைச்சர்களுக்கும் அவை பொருந்தும். சொத்துக் கணக்கைக் கொடுக்க வேண்டும், தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும் என்பவற்றோடு, அரசிடமிருந்து அசையாச் சொத்து வாங்கவோ அரசுக்கு விற்கவோ கூடாது என்றும் அவற்றில் தெளிவாக இருக்கிறது. வழக்கில் இதைக் காட்டினார்கள். பொது ஊழியர் ஒருவர், தான் வாங்கக் கூடாது என்று சட்டப்படி கட்டுப்பட்ட சொத்தை வாங்கினால் குற்றம் என்கிறது இந்திய தண்டனைச் சட்டத்தின் 169ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றம் ‘சட்டப்படி’ என்ற அந்தச் சொல்லில் நின்றது. நடத்தை விதிகள் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம் ஆகாது. ஆகவே அவற்றை மீறுவது தண்டனைக்குரிய குற்றமாகாது என்றது. ஆனாலும் விதியின் உணர்வு மீறப்பட்டதைச் சுட்டிக்காட்டி, நிலத்தை டான்சிக்கே திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றது.

நாட்டின் உச்ச நீதிமன்றமே மனசாட்சியிடம் முறையிட வேண்டி வந்தது என்றால், அந்த விதிக்கு வேறு பிடிமானம் இல்லை என்றுதான் பொருள். அமைச்சர்கள் விதியைப் பின்பற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டியவர் முதல்வர். முதல்வரே வாங்குபவராக இருந்தால், கண்காணிப்பு டெல்லிக்குப் போகிறது. அங்கேயும் சட்டப் பலம் இல்லை. இந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் ‘சட்டப்படி கட்டுப்பட்ட’ என்ற அதே நிபந்தனை தொடர்கிறது. நடத்தை விதிகளைச் சட்டமாக்கியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும் விஷயம் இது.

சட்டம் இருக்கிற இடத்தில் அது கடிக்கவும் செய்கிறது. 2014 செப்டம்பர் 27 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு தண்டனை விதித்ததும் அவருடைய பதவி உடனே போனது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி தகுதியிழப்பு. மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் நீடிக்க முடியாது என்பது 2013 லில்லி தாமஸ் தீர்ப்பு. தண்டனை வந்து இரண்டு நாள் கழித்து மீண்டும் ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார், அப்போது அவர் போடி எம்.எல்.ஏ. 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரின் தண்டனையை மீட்டது. ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது.

சரி, சாதாரண எம்.எல்.ஏ.வை எது கட்டுப்படுத்துகிறது? அவர் தன் பெயரில் மாநில அரசின் ரோடு கான்ட்ராக்ட் எடுத்தால் பதவி இழப்பார், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 9ஏ. மைத்துனர் பெயரில் எடுத்தால் அந்தப் பிரிவு அவரைத் தொடாது. எந்த ஊரிலும் டெண்டர் எடுப்பவர்களின் உறவுமுறை எல்லோருக்கும் தெரியும், சட்டத்துக்குத்தான் தெரியாது. அவையில் ஓட்டுப் போடவோ பேசவோ பணம் வாங்கினால் வழக்குத் தொடரலாமா என்ற கேள்விக்கே, 1998இல் ‘முடியாது’ என்று வந்த தீர்ப்பை மாற்றி எழுத 2024 மார்ச் 4 வரை, சீதா சோரன் வழக்கு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

நலனை முன்கூட்டியே சொல்ல வைப்பதில் மாநிலங்களவை கொஞ்சம் முன்னே இருக்கிறது. 1997இல் நெறிமுறைக் குழு அமைத்தார்கள். உறுப்பினர்கள் தங்கள் கம்பெனிப் பதவி, பெரும்பங்கு, ஊதியம் தரும் தொழில், ஆலோசனைக் கட்டணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். விவாதத்தில் சொந்த ஆதாயம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். ஏலக்காய் இறக்குமதி வரி பற்றி ஓர் உறுப்பினர் பேசுகிறார் என்று வையுங்கள். அவருக்கு மலையில் தோட்டம் இருப்பது தவறே இல்லை. அதைக் கேட்பவர்களுக்குத் தெரியாமல் வைப்பதுதான் தவறு.

எம்.பி.க்கள் பதவியேற்ற 90 நாளுக்குள் சொத்துக் கணக்கு கொடுக்க வேண்டும் என்கிற அதே சட்டத்தின் பிரிவு 75ஏ எம்.எல்.ஏ.க்களைக் குறிப்பிடவில்லை. அவர்களுடைய கணக்கு நமக்குக் கிடைப்பது தேர்தலுக்குத் தேர்தல் மட்டுமே: வேட்பு மனுவோடு வரும் படிவம் 26. சொத்து, கடன், அரசுக்கு வைத்திருக்கும் பாக்கி, ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு, வருமானம் வந்த வழி, அரசோடு உள்ள ஒப்பந்தங்கள் என எல்லாம் அதில் உண்டு. நிலம் என்றால் சர்வே நம்பர், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு. பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை.

எங்கள் பகுதியில் இதைப் படிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆகவே எங்கிருந்தோ வந்த பணத்தையும் ‘தோட்டத்து வருமானம்’ என்று எழுதிவிட முடியும். மறுபக்கம், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த ஆண்டில் நேர்மையாகவே கை நிறையச் சம்பாதித்தவர்களும் உண்டு. எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு, அப்போது என்ன விலை என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். டெல்லியில் உட்கார்ந்து பார்க்கும் ஆய்வாளரை விட, மலைக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வரும் நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக வரும். சொத்து வளர்ச்சியைக் கண்காணிக்க நிரந்தர அமைப்பு வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வேலையைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனையும் இல்லை. அமைச்சர், எம்.எல்.ஏ. உள்ளிட்ட பொது வாழ்வில் இருப்போரின் ஊழலை விசாரிக்க 1973இல் இங்கே தனிச் சட்டமே நிறைவேறியது. 1977இல் அது ரத்தானது. அதன் பிறகு முதல்வர் முதல் எம்.எல்.ஏ. வரை விசாரிக்கக்கூடிய லோக் ஆயுக்தா சட்டம் வர 2018 ஆனது. அங்கே நீங்களும் புகார் கொடுக்கலாம். போவதற்கு முன், ஒரே ஆளின் இரண்டு தேர்தல் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணைய இணையதளத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அசையாச் சொத்துப் பகுதியில் வாங்கிய தேதிகளை முதலில் பாருங்கள். பதவியில் இருந்த ஆண்டுகளுக்குள் விழும் தேதி இருந்தால், விற்றவர் யார் என்பதை அந்தச் சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம்.