தோட்டாவும் குறியும்

ரேணிகுண்டாவிலிருந்து கடப்பை நோக்கிச் செல்லும் இரயில் பாதையில் மாமண்டூர் என்றொரு சிறு நிலையம் உண்டு. அவ்வழியே பலமுறை பயணம் செய்தோரும் அப்பெயரைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் வேட்டை நூல்களைப் படித்தோருக்கு அது நன்கு பழகிய பெயர். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), மாமண்டூர்க் காட்டில் திரிந்த ஆட்கொல்லிப் புலியைப் பற்றி 1957-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அவர் கையாண்டது .405 வின்செஸ்டர் ரைபிள். அதன் குண்டு 300 கிரெயின் எடையுள்ளது. அஃதாவது ஏறத்தாழ 19½ கிராம். குழலைவிட்டு நொடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் அது வெளிப்படும்.

புலி மனிதனைத் தின்னத் தொடங்குவது ஏன்? பத்தில் ஒன்பது புலிகள் காயத்தினால்தான் அவ்வாறு மாறுகின்றன என்று ஜிம் கார்பெட் எழுதினார். முள்ளம்பன்றியின் முள் தைத்தும் காயம் நேரும். துப்பாக்கிக் குண்டு தவறான இடத்தில் பட்டும் நேரும். சுட்டவன் கை நடுங்கியிருக்கலாம் என்றே நாம் எண்ணுவோம். கை நடுங்காமல், கண் பிசகாமல் சுட்டும் குண்டு வேறிடம் போவதுண்டு. குறி சரிபார்த்த தோட்டா ஒன்று, சுடும் பொழுது இட்ட தோட்டா வேறொன்று என்பதே அதன் காரணம்.

ஒரு துப்பாக்கியின் குறியைச் செம்மை செய்துவிட்டால் எந்தத் தோட்டாவை இட்டாலும் அது அவ்விடத்திலேயே தைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. முதலில் புவியீர்ப்பை நோக்குவோம். 2,200 அடி வேகத்துக் குண்டு 100 கெஜம் செல்வதற்குள், குழல் நோக்கிய நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ நான்கு அங்குலம் தாழ்ந்துவிடும். 2,900 அடி வேகத்துக் குண்டோ இரண்டு அங்குல அளவே தாழும். தூரம் கூடக் கூட இவ்வேறுபாடும் பெருகும்.

இதுவரை எளிது. வியப்பு இனித்தான். அண்மையிலுள்ள இலக்கில் கனமான, மெதுவான குண்டு பல வேளைகளில் தாழாமல் உயர்ந்து தைக்கும்! குண்டு குழலைவிட்டு நீங்கும் முன்பே துப்பாக்கி பின்னோக்கி உதைக்கத் தொடங்கிவிடுகிறது. அவ்வுதையில் குழலின் முனை மேலெழுகிறது. மெதுவான குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் தங்குவதால், முனை கூடுதலாக எழுந்த பின்னரே வெளியேறுகிறது. இதனுடன் குழலின் அதிர்வும் சேர்ந்துகொள்ள, குண்டு பக்கவாட்டிலும் விலகக்கூடும். எவ்வளவு விலகும் என்பதை ஏட்டில் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்தே அறிதல் வேண்டும்.

இரட்டைக் குழல் ரைபிளில் இத்தொல்லை இரு மடங்கு. கார்பெட் வைத்திருந்த .450/400 ரகத்துக்கு 60 கிரெயின் கார்டைட் மருந்தும் 400 கிரெயின் குண்டும் அளவு. அந்த ஓர் அளவுக்கென்றே இரு குழல்களையும் சிறிது சாய்த்துப் பொருத்துவார்கள். மெதுவான தோட்டாவை இட்டால் வலக்குழலின் குண்டு வலப்புறமும், இடக்குழலின் குண்டு இடப்புறமும் விலகும். வேகம் மிகுந்தாலோ இரண்டும் குறுக்கே கடந்து செல்லும். ஆதலால் புலிக்கு வேண்டிய மென்முனைக் குண்டையும், யானைக்கும் காட்டெருமைக்கும் வேண்டிய கெட்டிக் குண்டையும் ஒரே எடையில் செய்து, ஒரே வேகத்தில் செலுத்தினார்கள். தோட்டாவை மாற்றினாலும் குறி மாறாமலிருக்க அவர்கள் கண்ட வழி இதுவே.

கார்டைட் மருந்துக்கு மற்றொரு குணமும் உண்டு. வெப்பம் ஏற ஏற அதன் அழுத்தமும் ஏறும். சித்தூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். இந்தியாவுக்கென்று மருந்தைச் சற்றே குறைத்து, தனித் தோட்டாக்களையே அனுப்பினார்கள். (நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலையின் பெயரிலேயே இம்மருந்தின் பெயர் வழங்குகிறது.) 1907-இல் .450 தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொணர அரசாங்கம் தடை விதித்தபோது, .470, .465 முதலிய புதிய அளவுகள் தோன்றின. பழைய துப்பாக்கியை வைத்திருந்தவர் பாடு திண்டாட்டமாயிற்று.

பொருத்திப் பார்க்கும் முறையைச் சுருங்கச் சொல்வோம். துப்பாக்கியை மணல்மூட்டையின் மேல் அசையாது கிடத்தி, 50 கெஜத்தில் ஒருவகைத் தோட்டாவால் மூன்று குண்டு சுட வேண்டும். குழல் ஆறிய பின்னர், அதே குறியில் மறுவகையால் மூன்று. இரு கூட்டங்களின் நடுப்புள்ளிகளையும் ஒப்பிட்டு, பின்பு 100 கெஜத்திலும் அவ்வாறே செய்ய வேண்டும். ஒத்துவந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வாதாயின் மருந்தின் அளவை மாற்றவேண்டும், அல்லது அத்தோட்டாவையே விட்டுவிட வேண்டும். தோட்டா விலை உயர்ந்த பொருளாதலின், பலர் இச்சோதனையைச் செய்யாமலே காட்டுக்குள் புகுந்தனர். அவர்கள் மிச்சம் பிடித்த பன்னிரண்டு தோட்டாவின் விலையை எந்தக் கிராமம் கொடுத்ததோ!

நாட்டுத் துப்பாக்கியின் கதை இதனினும் கொடிது. மருந்து கைமதிப்பு, குண்டாக ஈயத்துண்டு, ஆணி, இரும்புச் சில்லு எதுவும் உதவும். இரண்டு வேட்டுகள் ஒன்றுபோல் அமைவது அரிது. மாட்டை இழந்த குடியானவன் ஆத்திரத்தில் சுடுவான். விலங்கு காயத்தோடு தப்பிவிடும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக் காலம் முடிந்தது. விலங்குகள் முடிந்துவிடவில்லை. 2023 ஆகஸ்டில் திருமலைக்குச் செல்லும் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்குப் பலியானதை நம் குடும்பங்கள் மறந்திரா. அதன்பின் வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தனர்.

கூண்டில் அகப்படாத விலங்குக்கு மயக்க ஊசித் துப்பாக்கி வேண்டும். அங்கும் பழைய சிக்கலே தலைகாட்டுகிறது. சிறுத்தைக்குரிய சிறிய ஊசியும், யானைக்குரிய பெரிய ஊசியும் எடையில் வேறானவை. ஆகவே ஊசிக்கும் தூரத்துக்கும் ஏற்ப, செலுத்தும் வாயுவின் அழுத்தத்தை மாற்றியமைக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஊசி தரையில் விழும். அண்மையில் மிகுந்தால் தசையைக் கிழித்து எலும்பையும் முறிக்கலாம். தேர்ந்த கால்நடை மருத்துவர்கள், மருந்தின் எடைக்குத் தண்ணீர் நிரப்பிய ஊசியை முதலில் அட்டையில் எய்து, அது எங்கே தைக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகே காட்டுக்குள் செல்கிறார்கள்.