மோட்டார் எஞ்சினைத் துப்புரவு செய்தல்

ஹனூர் வழியாக மாதேசுவர மலைக்கு ஏறியிறங்கும் மோட்டார் வண்டிகளின் எஞ்சினில் புழுதியும் கசிந்த எண்ணெயும் சேர்ந்து பிசுக்காகப் படிகின்றன. இதனை வீட்டிலேயே நீக்கலாம். ஆனால் பெட்ரோலைக் கொண்டு கழுவுதல் பேராபத்தாகும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகையால் தரையை ஒட்டிப் பரவி, தொலைவிலுள்ள சிறு பொறியாலும் தீப்பற்றும். மண்ணெண்ணெயும் சுமார் 40 டிகிரி சென்டிகிரேடிலேயே எரியத்தக்க ஆவியை வெளிவிடத் தொடங்கும். ஓடி நின்ற எஞ்சினின் வெப்பமோ 90 டிகிரியை எட்டும்.

எனவே எஞ்சின் முற்றும் ஆறியபின், பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, காற்றுப் புகும் வாயையும் மின்கருவிகளையும் பிளாஸ்டிக் உறையால் மூடுதல் வேண்டும். நீரைப் பீய்ச்சலாகாது. சோப்பு நீரில் தோய்த்த தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைப்பதே தக்க முறை. உறைகளை அகற்றி, எல்லாம் நன்கு உலர்ந்தபின்னரே கம்பியை மீண்டும் இணைத்தல் வேண்டும்.