பூட்டிய அலுவலகமும் செத்த மாடுகளும்

2013 அக்டோபர் முதல் வாரம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து மேற்குப் பகுதியில், மீட், பென்னிங்டன் போன்ற கவுண்டிகளில் மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நின்றன. (கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம், ஆனால் இந்தப் பக்கத்தில் ஆட்களைவிட மாடுகள் அதிகம்.) குளிருக்கான ரோமம் இன்னும் அடர்ந்து வளரவில்லை. முதலில் மழை கொட்டி நனைத்தது. அது விடுமுன்பே சூறைக்காற்றோடு பனி. காற்றுக்கு முதுகைக் காட்டியபடி மைல்கணக்கில் நடந்த மாடுகள் ஓடைப் பள்ளங்களில் விழுந்தும் குட்டைகளில் மூழ்கியும் நின்ற இடத்தில் விறைத்தும் செத்தன. அட்லஸ் என்று பெயரிட்ட அந்தப் புயலில் போனவை பல்லாயிரம். அதுவும் கன்றுகளை விற்று வங்கிக் கடனைக் கட்டுகிற பருவத்தில்.

இப்படி அடி விழுந்தால் விவசாயி போய் நிற்கும் இடம், கவுண்டியிலுள்ள மத்திய வேளாண் துறை அலுவலகம். அது பூட்டிக் கிடந்தது. வாஷிங்டனில் நடந்த பட்ஜெட் சண்டையால் அக்டோபர் 1 முதல் 16 வரை மத்திய அரசே முடங்கியிருந்தது. திறந்திருந்தாலும் கொடுக்க ஒன்றுமில்லை. கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2011 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது. புதிய வேளாண் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இழுபறியில் இருந்தது.

செத்த மாட்டைப் படம் எடுங்கள், காதுவில்லை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வெளியாள் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வையுங்கள் என்று பண்ணைக்காரர்களுக்கு யோசனை சொன்னார்கள். இல்லாத திட்டத்துக்கு ஆதாரம் சேர்த்த கூத்து இது. அந்த மாதங்களில் கைகொடுத்தது மக்கள் திரட்டிய நிதியும், பக்கத்து மாநிலப் பண்ணைக்காரர்கள் ஓட்டி அனுப்பிய கிடாரிகளும்தான்.

2014 பிப்ரவரி 7 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட வேளாண் சட்டம், காலாவதியான கால்நடை இழப்பீட்டுத் திட்டத்தை நிரந்தரமாக்கியது. 2011 அக்டோபர் முதலான இழப்புகளையும் சேர்த்துக்கொண்டது. ஏப்ரல் 15 அன்று மனு வாங்கத் தொடங்கினார்கள். மாட்டின் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் கிடைத்தது.

அதே சட்டம் வறட்சிக்கான தீவன உதவியையும் நிரந்தரமாக்கியது. இதில் இன்னொரு வேடிக்கை. வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில், கவுண்டியின் ஏதோ ஒரு மூலை தொடர்ந்து எட்டு வாரம் 'கடும் வறட்சி' நிறத்தில் இருந்தால் கவுண்டி முழுவதற்கும் பணம். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த கவுண்டி என்றால், புல் அங்கேயும் கருகியிருந்தாலும் பணம் இல்லை. 2025இல் எட்டு வாரம் நான்காகக் குறைந்தது. கவுண்டிக் கோடு அப்படியேதான் இருக்கிறது.

இது முரட்டு விதிதான். அளவுக்கு மீறிக் கொடுக்கிறது என்பாரும் உண்டு. ஆனாலும் நான் இதன் பக்கமே நிற்பேன். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை; எப்போது, எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

பயிர்க்காரர்களுக்கு இந்த நிம்மதி இல்லை. காப்பீடு ஈடுகட்டாத நஷ்டத்துக்குக் காங்கிரஸ் ஒவ்வொரு முறையும் தனியாக ஓட்டெடுத்தாக வேண்டும். 2023, 2024 ஆண்டுகளின் பேரிடர் இழப்புகளுக்கு 2024 டிசம்பரில்தான் நிதி ஒதுக்கினார்கள். 2023இல் பயிர் இழந்தவரிடம் மனு வாங்கத் தொடங்கியது 2025 ஜூலையில்.