சிற்றுருவ நீராவி எஞ்சின் ஏன் விரைவில் குளிர்கிறது?

1926-ஆம் ஆண்டு முதல் ஜெர்மன் அரசு ரயில்வேயில் ஓடிய 01 வரிசை நீராவி எஞ்சினை 32-இல் 1 பங்காகச் சுருக்கி மாதிரி செய்யப் புகுவோர், அதன் 2 மீட்டர் விட்டமுள்ள இயக்குசக்கரத்தை 62.5 மில்லிமீட்டராகவும், நிலக்கரியும் நீரும் ஏற்றிவரும் டெண்டர் வண்டியோடு சேர்ந்து 24 மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளத்தை 75 சென்டிமீட்டராகவும், 1,435 மில்லிமீட்டர் தண்டவாள இடைவெளியை 45 மில்லிமீட்டராகவும் அமைத்துக்கொள்கிறார்கள். உருவத்தை இவ்விதம் குறைத்துவிடலாம். ஆனால் இயற்கையின் தன்மைகள் யாவும் அதே பிரமாணத்தில் குறைந்து வருமா என்றால், வாரா.

ஏன்? நீளம் 32 மடங்கு குறையும்போது பரப்பு 1,024 மடங்கும், கன அளவு 32,768 மடங்கும் குறைகின்றன. கொதிகலத்தில் உஷ்ணம் தங்குவது நீரின் கன அளவில். அது வெளியேறுவதோ மேற்பரப்பின் வழியே. ஆகவே மாதிரியில், தேங்கிய உஷ்ணத்தோடு ஒப்பிட, அதை இழக்கும் பரப்பு 32 மடங்கு மிகுந்துவிடுகிறது. அண்டாவில் நெடுநேரம் சூடாயிருக்கும் பால் கிண்ணத்தில் ஊற்றியதும் விரைவில் ஆறிவிடுவதற்கும் இதுவே காரணம்.

எப்படிச் சமாளிப்பது? உஷ்ணத்தை எளிதில் ஏற்று நீருக்களிக்கும் செம்பால் கொதிகலத்தைச் செய்து, வெள்ளி கலந்த பற்றாசால் இணைத்து, அதற்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே உஷ்ணங்கடத்தாப் பொருளைச் சுற்றி, பெரும்பாலும் நிலக்கரிக்குப் பதிலாக ஸ்பிரிட்டையோ எரிவாயுவையோ எரிக்கிறார்கள். வெளிக்கூட்டுத் தகட்டின் தடிமனையும் விகிதப்படி குறைப்பதில்லை. குறைத்தால், 3 மில்லிமீட்டர் தகடு 0.1 மில்லிமீட்டருக்கும் மெலிந்து, விரல்பட்டாலே நசுங்கிவிடும்.

மாதிரி செய்ய விரும்பும் இளைஞர்கள், அரத்தைக் கையிலெடுக்குமுன் இந்தக் கணக்கைத் தெளிவாக அறிந்துகொள்வார்களாக.