உலாவியில் நுழையும் இடைச்செருகல்கள்

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கப் புகுந்த சான்றோர்க்கு நேர்ந்த தொல்லைகளுள் பெரியது இடைச்செருகல். மூலநூலாசிரியர் பாடாத பாடலைப் பின்வந்தோர் நுழைத்துவிட, கற்போர் அதனையும் மூலமென்றே கொண்டனர். ஓலையையும் அச்சையும் கடந்து கணிப்பொறித் திரையில் நாம் படிக்கத் தொடங்கிய பின்னரும் அத்தொல்லை நம்மை விட்டபாடில்லை. நாளிதழின் இணையப் பக்கத்தைத் திறக்கிறோம். அந்நாளிதழ் வெளியிடாத விளம்பரம் வரிகளுக்கிடையே நிற்கிறது. கூகுளில் ஒன்றைத் தேடுகிறோம். பெயர் தெரியாத வேறொரு தேடுபொறி விடை தருகிறது. இச்செருகலைச் செய்பவன் எங்கோ தொலைவில் இல்லை. நம் வீட்டுக் கணிப்பொறியின் உலாவிக்குள்ளேயே குடியேறியிருக்கும் தீநிரலே அது.

விளம்பரந்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்பார் உளர். அது பொருந்தாது. மகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், தந்தையார் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், அயல்நாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என அன்னையார் அறிவதும் அந்த ஒரே உலாவியின் வழியாகத்தான். பக்கத்தில் விளம்பரத்தை எழுத வல்ல நிரல், அப்பக்கத்தில் நாம் எழுதும் கடவுச்சொல்லைப் படிக்கவும் வல்லது.

இஃது எவ்வாறு நுழைகிறது? பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து விடுகிறோம். இலவச மென்பொருள் ஒன்றை நிறுவும்போது வரும் அறிவிப்புகளைப் படியாமல் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என அழுத்திச் செல்ல, உடன்கட்டி வைத்த பிறிதொரு நிரலும் சேர்ந்தே இறங்கிவிடுகிறது. இரண்டாவது வழி, 'எக்ஸ்டென்ஷன்' எனப்படும் நீட்சிகள். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்னும் நீட்சி குரோம் உலாவியில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பயன்படுத்தியது, நற்பெயர் பெற்றது. 2020-ஆம் ஆண்டில் அதனை உருவாக்கியவர் பிறருக்கு விற்றுவிட்டார். பெயர் மாறவில்லை, சின்னம் மாறவில்லை, உள்ளடக்கம் மாறியது. 2021 பிப்ரவரியில் தீநிரல் உள்ளதெனக் கூறி கூகுள் நிறுவனம் அதனை நீக்கியது. நேற்று நல்லதாயிருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது என்க.

மூன்றாவது வழி அரிது, ஆயினும் அறியத்தக்கது. 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற மடிக்கணினிகள் சிலவற்றில் 'சூப்பர்ஃபிஷ்' என்னும் விளம்பர நிரல் முன்னரே நிறுவப்பட்டிருந்தது. பாதுகாப்பான இணைப்பிலும் விளம்பரம் செருகும்பொருட்டு, அது தனக்கெனப் போலியான மூலச்சான்றிதழ் ஒன்றைக் கணிப்பொறியில் பதித்தது. பூட்டுக் குறியைக் கண்டு நம்பியவர்க்கு அந்நம்பிக்கையே பொய்யாயிற்று. 2015 பிப்ரவரியில் செய்தி வெளிப்பட்டது. நிரலை நீக்கிய பின்னரும் அச்சான்றிதழ் நீங்காமல் தங்கியதே இதிற் கருதற்குரியது. கிளையை வெட்டினால் வேர் போய்விடுவதில்லை.

இனி, நீக்கும் முறை.

முதலில் நோய் எதுவெனத் தெளிதல் வேண்டும். திரையின் வலப்புறக் கீழ்மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்னும் அறிவிப்புகள் ஓயாது தோன்றுமாயின், பலவேளைகளில் தீநிரலே இராது. ஏதோ ஒரு தளம் கேட்டபோது 'அலவ்' என அழுத்தியதன் விளைவு அது. உலாவியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சைட் செட்டிங்ஸ்', அதனுள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' சென்று அத்தளத்தின் இசைவை நீக்கினால் தீர்ந்தது. இதற்காகக் கணிப்பொறியைக் கடைக்குத் தூக்கிச் சென்று பணமிழப்போர் பலர்.

மற்றவற்றிற்கு வரிசை முதன்மையானது. உலாவியை மட்டும் தூய்மை செய்தால், விண்டோஸில் அமர்ந்திருக்கும் நிரல் மறுநாளே பழையதை மீட்டுக் கொணரும். எனவே நிறுவிய நிரல்களின் பட்டியலைத் திறந்து, நாள்வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்த அறியாத நிரல்களை முதலில் அகற்றுக. பின்னர் உலாவியின் நீட்சிப் பட்டியலுக்குச் செல்க. பயன் இன்னதெனச் சொல்ல இயலாத நீட்சி ஒவ்வொன்றையும் நீக்கலாம். நீக்கியதால் இழப்பொன்றுமில்லை, வேண்டுமெனின் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். ஒரே கூகுள் கணக்கை இரு கணிப்பொறிகளில் 'சிங்க்' செய்து பயன்படுத்துவோர் அதனை நிறுத்திவிட்டு இரண்டையும் தூய்மை செய்தல் நன்று. இன்றேல் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் திரும்பி வரும்.

அதன்பின் 'ரீசெட் செட்டிங்ஸ்'. பலர் இதற்கு அஞ்சுகின்றனர், அச்சம் வேண்டா. குரோமில் இது முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழைய நிலைக்குக் கொணரும், குக்கிகளை அழிக்கும், நீட்சிகளை முடக்கும். சேமித்த முகவரிக்குறிகளும் கடவுச்சொற்களும் அழியா.

நீக்கு பொத்தானே மங்கி நின்று, 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்னும் பொருள்பட உலாவி கூறுமாயின் கூர்ந்து நோக்குக. கல்லூரியோ அலுவலகமோ வழங்கிய கணிப்பொறியில் அஃது இயல்பு. சொந்தக் கணிப்பொறியில் நாமறியாது அவ்வாறு தோன்றின், தீநிரல் விண்டோஸின் 'ரெஜிஸ்ட்ரி'யில் தன் கட்டளையை எழுதி வைத்திருத்தல் கூடும். அப்பகுதியைப் பழகாதவர் தொடுதல் கூடாது. மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் 'ஆட்வ்கிளீனர்' என்னும் இலவசக் கருவி இத்தகையவற்றைத் தேடி நீக்கும். அதனை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுக. தேடல் விடைகளின் மேலே விளம்பரமாக நிற்பவை போலிகளாக இருக்கலாம். குரோமுக்குள்ளேயே இருந்த தூய்மைக் கருவியை 2023-ஆம் ஆண்டில் கூகுள் நிறுத்திவிட்டமையால், பழைய குறிப்புகளைப் பார்த்து அதனைத் தேடி அலைய வேண்டா.

தூய்மை முடிந்தபின் கடவுச்சொற்களை மாற்றுக. முன்னரே மாற்றினால் புதியதையும் தீநிரலுக்குக் கற்பித்தவராவோம். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து. நுழைவுக் குறிகளைத் திருடும் நிரல்களும் உள. ஆதலின் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் உடன் பயன்படுத்துக.

முதியோர் பொருட்டு ஒன்று. திரை முழுதும் சிவந்து, ஒலியெழுப்பி, ஓர் எண்ணை அழைக்கச் சொல்லும் சாளரம் சில நேரம் தோன்றும். அஃது ஓர் இணையப் பக்கமே. எந்த மென்பொருள் நிறுவனமும் அவ்வாறு தொலைபேசி எண் தந்து எச்சரிப்பதில்லை. 'டாஸ்க் மேனேஜர்' வழி உலாவியை மூடுக. மீளத் திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கவா என வினவினால் மறுத்துவிடுக. அவ்வெண்ணை அழைத்துப் பணம் இழந்திருப்பின், ஒரு நாழிகையும் தாழ்த்தாது 1930 என்னும் அரசின் இணையக் குற்ற உதவி எண்ணையும் வங்கியையும் அழைத்தல் வேண்டும்; பணம் கைமாறிப் போகுமுன் முடக்குவதற்கு அவ்விரைவே வழி.