எட்டுக்கால் செல்லத்துக்கு என்ன கோளாறு?

நாய், பூனை வளர்ப்பவர்களுக்குக் கவலையில்லை. உடம்புக்கு ஆகவில்லையென்றால் முனகும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிலந்திக்கு ஏது முகம்? காலைத்தான் பார்க்க வேண்டும்!

"சிலந்தியைப் போய் யாராவது வளர்ப்பார்களா?" என்று முகம் சுளிக்காதீர்கள். நாங்கள் இருக்கும் இங்கிலாந்தில், டாரன்டுலா என்ற உள்ளங்கை அகல ரோமச் சிலந்தியைக் கடையிலேயே விற்கிறார்கள். என் பெரிய பையன் அடம் பிடித்து வாங்கியது சிலி நாட்டு 'ரோஸ்' வகை. சாதுவானது. பெண்ணாயிருந்தால் பதினைந்து, இருபது வருஷம்கூட இருக்கும். அதாவது, பையன் படித்து வேலைக்குப் போன பிறகும் அம்மா தலையில்தான்!

வந்த இரண்டாம் வாரம், கால்களை உடம்பின்மேல் இழுத்து, முட்டிகளால் தலையை மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிட்டது. ராத்திரியானால் கண்ணாடிச் சுவரில் ஏறி இறங்கும். போட்ட பூச்சியைத் தொடவில்லை. "செத்துப் போயிடுமாம்மா?" என்று பையன் அழவே ஆரம்பித்துவிட்டான்.

மிரண்டுபோன டாரன்டுலா இப்படித்தான் செய்யும். எதற்கு மிரண்டது? பையன் பெட்டியை வைத்திருந்தது சமையல் மேடையில். இந்த ஊர் வீடுகளில் அதற்கு அடியில்தான் வாஷிங் மெஷின். சிலந்திக்குக் காது கிடையாது, கண்பார்வையும் மட்டம். கால் ரோமங்களில் படும் அதிர்வை வைத்துத்தான் உலகத்தையே அறிகிறது. மெஷின் சுற்றினால் அதற்குப் பூகம்பம்! போதாததற்கு, கடையில் சொன்னார்களென்று தினமும் தண்ணீர் வேறு தெளித்திருக்கிறான். வறண்ட பூமியில் பிறந்த ஜீவன் அது. ஈரத்தில் கால் வைக்கப் பிடிக்காமல் சுவரேறுகிறது.

பெட்டியை ஆட்டமில்லாத அலமாரிக்கு மாற்றினோம். உலர்ந்த தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்பினோம். (பாக்கெட்டில் விற்கிறார்கள். நம் ஊரில் சும்மா கிடப்பது!) தூளுக்கு மேலே உயரம் அதிகமிருக்கக் கூடாது, விழுந்தால் வயிறு வெடித்துவிடும். ஒளிந்துகொள்ளப் பாதிக் கொட்டாங்கச்சி, குடிக்க ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர். பக்கத்தில் பூச்சி மருந்து, கொசுவத்தி கூடவே கூடாது. அப்புறம் முக்கியமான வைத்தியம்: தொடாமல், தட்டாமல், எட்டிப் பார்க்காமல் சும்மா இருப்பது. வாண்டுகளை இதற்குச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

பத்து நாளில் காலை நீட்டி உட்கார்ந்தது. சாப்பாடு மட்டும் இன்னும் இரண்டு மாதம் வேண்டாமென்றது. வயிறு சுருங்காதவரை பயமில்லை. இந்த வகை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். தின்னாத பூச்சியை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

கால்கள் அடிப்பக்கமாகச் சுருண்டால்தான் ஆபத்து. உடம்பு நீரின் அழுத்தத்தால்தான் சிலந்தி காலை நீட்டுகிறது. நீர் வற்றினால் கால் மடங்கிவிடும். உடனே வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி கிண்ண விளிம்பில் வைக்கவேண்டும். வயிறு நனையக் கூடாது. மூச்சுத் துவாரங்கள் அங்கேதான்.

மல்லாந்து கிடந்தாலோ, சட்டை உரிக்கிறதென்று அர்த்தம். பக்கத்து வீட்டம்மாள் செத்ததென்று நினைத்துக் குப்பையில் கொட்டவே போய்விட்டாள். நல்லவேளை, என் பையன் ஓடிப்போய்த் தடுத்தான். புரட்டவும் கூடாது, பத்து நாள் இரை போடவும் கூடாது. பல் கெட்டிப்படாத சமயத்தில் போட்ட பூச்சியே அதைக் கடித்துவிடும்.

குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மிரண்டால் இது பின்னங்காலால் வயிற்று ரோமத்தைத் தூற்றும். லீட்ஸ் நகரில் பெட்டியைச் சுத்தம் செய்த இளைஞர் ஒருவருக்கு அது கண்ணில் பாய்ந்துவிட்டது. சாதாரணக் கண்வலியென்று மருந்து போட்டும் மூன்று வாரமாய்ச் சிவப்பு தீரவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது கருவிழியில் மெல்லிய ரோமங்கள்! 2010 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த செய்தி இது.

ஆகவே பெட்டியைப் பெரியவர்களே சுத்தம் செய்யுங்கள், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கையை சோப்புப் போட்டு அலம்பும்வரை குழந்தையைத் தூக்காதீர்கள். யாருக்காவது கண் சிவந்தால், டாக்டரிடம் முதலில் "வீட்டில் டாரன்டுலா இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.